ஆவியில் கேட்ட பந்தி

தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு பொசிதியோன் துறைமுகத்துக்கு யார் வந்தாலும், அவருக்குக் கால் கழுவத் தண்ணீரும் படுக்கப் பாயும் பிலின்னாவின் வீட்டில்தான். எங்கள் சபையில் அப்போது ஏழே குடும்பங்கள். அந்த ஏழு வீடுகளில் உபரியாக ஓர் அறை இருந்தது அவள் வீட்டில் மட்டும். அவள் கணவன் மால்கோஸ் கப்பல் தச்சன். மரம் அடுக்கி வைக்க அவன் கட்டிய நீளமான கொட்டகையில்தான் நாங்கள் கூடி ஜெபித்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஆவியானவர் ஒவ்வொரு வரம் கொடுத்திருக்கிறார் என்பார் மூப்பர் யூபூலஸ். கயிறு திரிக்கிறவர், நிதானமான மனிதர். ஒருவனுக்கு அந்நிய பாஷை, ஒருத்திக்கு நோயைத் தொட்டுத் தீர்க்கும் கை, பிலின்னாவுக்கு விருந்தினரை உபசரிக்கும் வரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மற்றவர்கள் மேல் வரம் இறங்கினால் அவர்கள் முகம் பளபளக்கும், ஜனங்கள் அழுவார்கள். பிலின்னா மேல் வரம் இறங்கிய நாட்களில் அவள் பயற்றுக் கூழ் காய்ச்சிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. வெளியே சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. புயல் பயத்தில் கப்பல் ஓட்டம் நிற்கும் காலத்துக்கு முன், கடைசி நடையாகச் சைப்ரஸ் தீவுக்குப் புறப்பட்ட கப்பலில் மால்கோஸ் போயிருந்தான். போய் நான்கு மாதமாகிவிட்டது. அதே நாளில் பாய் விரித்த மற்ற இரண்டு கப்பல்களும் பத்தாம் நாளே திரும்பிவிட்டன. ஒரு மாதம் கழித்து வடக்குக் கரையில் ஒரு சுக்கான் கட்டை ஒதுங்கியது. மீனவர்கள் அதைக் கொண்டுவந்து அவள் முற்றத்தில் வைத்தார்கள். பிலின்னா குனிந்து பார்த்தாள். இது எங்கள் வீட்டுக்காரர் செதுக்கினது இல்லை என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

கொட்டகையில் வலப்பக்கச் சுவரை ஒட்டி விதவைகளுக்கு ஒரு பலகை போட்டிருந்தது. அதில் நான்கு பேர் உட்காருவார்கள். சுக்கான் கட்டை வந்த வாரத்திலிருந்து, மூத்தவளான அமத்தா கொஞ்சம் நகர்ந்து உட்காரத் தொடங்கினாள். பலகையின் ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அமத்தா நல்ல மனுஷி. அவள் கூப்பிடவில்லை, இடம் மட்டும் விட்டிருந்தாள். பிலின்னா அந்தப் பக்கம் திரும்பாமல் வாசலோரம் பானைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். ஜெபத்தில் சபையின் உதவிக்காரர் தேரோன், கடலில் இருப்பவர்கள் யார் என்று கேட்கும்போது, மால்கோஸ் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

இந்த நிலையில்தான் செபீனாஸ் வந்து சேர்ந்தார்.

ஒரு புதன்கிழமை மாலை, உள்நாட்டில் எதேசா நகரத்துப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தார். ஒல்லியான ஆள், குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அதிர்ந்து பேசமாட்டார். இதற்கு முந்தைய வருடம் ஒருவன் வந்து, ஆவியில் நிறைந்து கண்ணை உருட்டி, எனக்குக் காசு கொடுங்கள் என்று கேட்டு, மறுநாளே வழியனுப்பப்பட்டான். அவனைப் பார்த்த கண்ணுக்கு இவர் வேறு மாதிரி இருந்தார். எதுவும் கேட்கவில்லை. கொடுத்த பாயைக்கூட, இருக்கட்டும் தங்கச்சி, தரையே போதும் என்றார். மூன்று நாளாக உபவாசம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை சபை கூடியிருக்கும்போது அவர் மேல் ஆவி இறங்கியது. தோள்கள் நடுங்கின. கண்கள் மூடியபடி, பந்தி போடுங்கள், துறைமுகத்தில் பசித்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்று சொன்னார்.

ஆவியில் பந்தி கேட்கிற தீர்க்கதரிசிக்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான். அந்தப் பந்தியிலிருந்து அவர் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கக் கூடாது. வைத்தால், கேட்டது ஆவியல்ல, வயிறு. அவர் சொன்ன மற்ற வார்த்தைகளும் அதோடு போய்விடும். ஆவியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரைச் சோதிக்கவோ மறித்துப் பேசவோ யாருக்கும் உரிமையில்லை. அது மன்னிப்பில்லாத பாவம். ஆனால் பேசி முடித்த பிறகு அவர் எப்படி நடக்கிறார் என்று பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். இது குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம்.

அன்று மதியம் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். வாற்கோதுமை ரொட்டி, ஒலிவக் காய், உப்புக்கண்ட மீன். பிலின்னா வீட்டில் இருந்த கடைசிப் பெரிய மீனை எண்ணெயில் பொரித்தாள். மூட்டை தூக்குகிறவர்களும், பார்வையில்லாத பிச்சைக்காரன் ஒருவனும், கப்பல் பாய் தைக்கும் பெண்கள் சிலரும் வந்து உட்கார்ந்து, விரல் நக்கச் சாப்பிட்டார்கள். செபீனாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சபையாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டே விருந்தினரைத் துறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள்.

பிலின்னாவும் பாதி வழி போனாள். தண்ணீர்க் குடத்தை அடுப்படியில் வைத்துவிட்டோமே என்று திரும்பி வந்தாள்.

அடுப்படியில் செபீனாஸ் குந்தி உட்கார்ந்திருந்தார். மடியில் மீன் தட்டு. தலையும் வாலும் மிச்சமிருந்த நடுத்துண்டும். தாடியில் எண்ணெய் வழிந்தது. முள்ளைக்கூடத் துப்பாமல் மென்றுகொண்டிருந்தார். பட்டப்பகல், கதவு திறந்து கிடந்தது, மறைவு என்று எதுவும் இல்லை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய் நின்றது.

பிலின்னா என்ன செய்தாள் தெரியுமா? கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். யோசித்துச் செய்யவில்லை. பசித்தவனைப் பார்த்தால் அவள் கை தானாக நீளும், அது அவள் வரம். பயணம் முடிந்து வரும் நாளில் மால்கோஸும் இப்படித்தான் குந்தி உட்கார்ந்து தின்பான். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டார். அவர் தின்று முடித்ததும் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பாவம், மூன்று நாள் பட்டினி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

வெள்ளிக்கிழமை காலை செபீனாஸ் மறுபடியும் நடுங்கினார். இந்த வீட்டில் காத்திருக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தொடங்கினார். அவள் புருஷன் கடலில் இல்லை. உள்நாட்டுப் பாதையில் நடந்து வருகிறான். கையில் ஒரு கோல் இருக்கிறது, இடது காலைச் சாய்த்து நடக்கிறான். வாற்கோதுமை அறுப்புக்கு முன் இந்தக் கதவைத் தட்டுவான்.

கொட்டகையே அழுதது. பிலின்னா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் அமத்தா. அழுதுகொண்டே அவள் பலகையில் பழைய இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். காலியிடம் மூடிக்கொண்டது.

அன்று பிலின்னா பெட்டியைத் திறந்து மால்கோஸின் கம்பளி அங்கியை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியாக இரண்டு அத்திப்பழம் தின்றாள். வந்ததும் இடது காலுக்கு என்ன மருந்து போடலாம் என்றுகூட யோசித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள். கவிழ்த்து வைத்த மீன் தட்டு கண்ணில் பட்டது.

நேற்று மீன். இன்று வார்த்தை.

அந்த நினைப்பை அவள் விரட்டினாள். அது போவதாக இல்லை. புதன்கிழமை ராத்திரியே அவரிடம் மால்கோஸைப் பற்றி அவள் அழுதிருந்தாள். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை ஆவியில் பேசினார், அப்போதும் மால்கோஸ் பேச்சே இல்லை. மீன் தின்று, அவள் அதைப் பார்த்து, பார்த்தும் சும்மா இருந்த பிறகுதான் மால்கோஸ் கோல் ஊன்றி நடந்து வரத் தொடங்கினான். அவள் வாயை மூடியதற்குக் கூலியா அது? சே, தேவமனிதரைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, தட்டை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

அன்று மாலை வந்த வார்த்தைதான் ஊரைக் கலக்கியது. கர்த்தருடைய நாளான ஞாயிறு முடிந்த மறுநாள் விடியற்காலையில் சபையார் எல்லாரும் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். காசியஸ் மலை தாண்டி, அந்தப் பக்கத்து வனாந்தரத்துக்குப் போக வேண்டும். குழந்தை குட்டிகளோடு போக வேண்டும், உணவு எடுக்கக் கூடாது. கர்த்தர் அங்கே வருவார், அவரே பந்தி வைப்பார்.

மலை உச்சியில் அப்போது பனி கிடந்தது. துறையில் நின்று பார்த்தாலே வெள்ளையாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை யூபூலஸ் வந்தார். முட்டி வலியால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஏழு குடும்பத்தையும் மலையேற்றுவதற்கு முன் கேட்க வேண்டியதை முறைப்படி கேட்டுவிட வேண்டும் என்றார். தீர்க்கதரிசி தங்கியிருந்த வீட்டுக்காரியைத்தான் கேட்க முடியும். செபீனாஸ் கடற்கரைக்குப் போயிருந்தார். மூப்பர் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார்.

"அந்தப் பந்தியில இருந்து அவர் எதாச்சும் வாயில வெச்சாராம்மா? நீதான் கூடவே இருந்தவ."

வெச்சார் என்று சொன்னால் ஒரே நொடியில் மால்கோஸ் அந்தப் பாதையிலிருந்து மறைந்துவிடுவான். கோலும் சாய்ந்த இடது காலும் இருக்காது. அவளே தன் வாயால் அவனைக் கடலில் தள்ளியது போலாகும். அதோடு இன்னொரு பயம். இவர் உண்மையான தீர்க்கதரிசியாக இருந்து, பலவீனத்தில் ஒரு துண்டு மீன் தின்றிருந்தால்? ஆவியானவருடைய ஆளைக் காட்டிக்கொடுத்தவளுக்கு இந்த உலகத்திலும் மன்னிப்பில்லை, வரப்போகிற உலகத்திலும் இல்லை.

"இல்லீங்கய்யா," என்றாள்.

யூபூலஸ் அவள் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. அப்படியே நம்பிவிட்டார். "நீ சொன்னா சரிதாம்மா. அப்ப கெளம்ப வேண்டியதுதான். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி ஏறப்போறேனோ," என்று சிரித்துக்கொண்டே போனார். சந்தேகப்பட்டிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பிலின்னா சாட்சி சொல்லிவிட்டாள், அவர் தொடவே இல்லையாம். பக்கத்து வீட்டுக் குயவன் கிளெயோன் தன் சக்கரத்தையும் அச்சுகளையும் சபைக்கு வெளியே இருந்த இன்னொரு குயவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தான். வளர்த்த வெள்ளாட்டை அவிழ்த்து விட்டான். அவன் பெண்டாட்டி நொன்னா பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளப் பழைய கம்பளியைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பிலின்னா போய்ப் பக்கத்தில் நின்றாள். குழந்தை இருமியது.

மலையில் குளிருமே என்றாள் பிலின்னா, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"பயமாத்தான் இருக்குக்கா," என்றாள் நொன்னா, ஊசியை நிறுத்தாமல். "நேத்தெல்லாம் தூங்கல. அப்பறம் நெனச்சேன், உங்க வீட்டுக்காரர் வர்றார்னு சொன்ன அதே வாய்தானே இதையும் சொல்லுது? அது நெஜம்னா இதுவும் நெஜந்தான். உங்க மூஞ்சியப் பாத்துத்தாங்க்கா நான் தைரியமா இருக்கேன்."

பிலின்னா குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. வீட்டு வாசலிலேயே, மத்தியான வெயிலிலேயே ஜில்லென்று இருக்கிற கால். அவள் தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

வழி எதுவும் இல்லையா என்று அவள் மனம் அலைந்தது. மால்கோஸைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜமாகவும் மலையைப் பற்றிச் சொன்னது பொய்யாகவும் இருக்கக் கூடாதா? பாதியை வைத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுக்க முடியாதா? சாயங்காலம் செபீனாஸ் முற்றத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவளே போய்க் கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பச்சக் கொழந்தைய மட்டும் விட்டுட்டுப் போகலாமா? தாயும் புள்ளையும் இங்கயே இருக்கட்டும். நானும் தொணைக்கு இருக்கேன்."

அவர் வாரைத் தைத்தபடியே, "ஆவியானவர் சொன்னதுல நான் பேரம் பேச முடியுமா தங்கச்சி?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் விஷயத்துலயும் நான் பேரம் பேசலையே," என்றார்.

அதை ஆறுதலாகச் சொன்னாரா, மிரட்டிச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் கண்களில் கோபம் இல்லை. சொல்லப்போனால் அவரும் தூங்காத ஆளாகத்தான் தெரிந்தார். பிலின்னா உள்ளே போய், வெயிலில் காய்ந்த அங்கியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

கர்த்தருடைய நாள் வந்தது. கொட்டகையில் வழக்கத்தைவிடக் கூட்டம், ஓரமெல்லாம் மூட்டைகள். அப்பம் பிட்கிறதற்கு முன் அவரவர் செய்த தப்பை எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் முறை. மனதில் அழுக்கோடு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது. நாளைக்குக் கர்த்தரையே பார்க்கப் போகிறோம் என்பதால் அன்று எல்லாரும் தேடித் தேடி எடுத்துச் சொன்னார்கள். கிளெயோன் பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னான். உதவிக்காரர் தேரோன், விருந்தன்று திராட்சரசத்தில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டதாகச் சொன்னார். அது எல்லாருக்கும் முன்பே தெரியும். அமத்தா, இன்னொரு விதவையின் போர்வை மேல் கண் வைத்ததைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

பிலின்னா வாசலோரம் நின்றாள். நொன்னாவின் முதுகில் குழந்தை கட்டியபடியே இருந்தது, ஒத்திகை போல. அது மறுபடியும் இருமியது. அது நான்காவது இருமல் என்று தான் எண்ணிக்கொண்டிருப்பதைப் பிலின்னா அப்போதுதான் கவனித்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். செபீனாஸும் திரும்பினார். அவள் முகத்தில் எதைப் படித்தாரோ, அவர் கண்கள் மூடின. தோள்கள் நடுங்கத் தொடங்கின.

கொட்டகையில் மூச்சு நின்றது. ஆவி இறங்குகிறது. இனி அவர் பேசி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் பேசி முடித்தால் அதற்கு மேல் பேச எதுவும் மிச்சமிருக்காது, விடிந்ததும் மலை. கிளெயோன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். யூபூலஸ் விரலை உதட்டில் வைத்தார். பிலின்னா கையை உருவிக்கொண்டாள். இது ஆவியாக இருந்தால் தனக்கு இனி எந்த உலகத்திலும் இடமில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. மீன் தட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நடுங்காதீங்கண்ணே," என்றாள். விருந்தாளியிடம் இன்னொரு ரொட்டி வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவளுக்கு வேறு குரல் வரவில்லை. "கொஞ்சம் இருங்க. நான் முடிச்சுக்கறேன்."

தோள்கள் நின்றன. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், அடுப்படியில் பார்த்த மாதிரியே.

"அந்தப் பந்தியில மிஞ்சின மீன இவர் சாப்பிட்டாரு. நான் பாத்தேன். பாத்துட்டு ரொட்டியும் எடுத்துக் குடுத்தேன். மூப்பர் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். மறுநாள் அவர் எங்க வீட்டுக்காரரப் பத்திச் சொன்னாரு. அது போயிருமேன்னுதான் சொல்லல." அவள் மூச்சு வாங்கினாள். "அவ்வளவுதான்."

யூபூலஸ் செபீனாஸைப் பார்த்து, சாப்பிட்டீங்களா சகோதரரே என்று மட்டும் கேட்டார். செபீனாஸ் பதிலை அவருக்குச் சொல்லவில்லை. பிலின்னாவையே பார்த்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

கொட்டகை முழுக்க அவள் முகத்தைத் தேடியது. பிலின்னாவின் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்காமலே பதில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்கும் தெரியாது."

செபீனாஸ் தலையைக் குனிந்தார். ஆமா என்றார், சாப்பிட்டதற்கா தெரியாது என்பதற்கா என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து மூலையில் இருந்த தன் கோலை எடுத்துக்கொண்டார்.

அனுப்பப்படுகிறவராக இருந்தாலும் அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை தின்ன ரொட்டி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அதுவும் முறை. தங்க வைத்த வீட்டுக்காரிதான் கொடுக்க வேண்டும். பிலின்னா இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கொடுத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தாள், கேட்டுவிட்டாள்.

"உண்மையிலயே பாத்தீங்களாண்ணே அவர?"

அவர் துணி மூட்டையைப் பார்த்தபடி பேசினார். "வயிறு நெறஞ்சதும் உங்களுக்கு எதாச்சும் நல்லது சொல்லணும்னு தோணுச்சு தங்கச்சி. கண்ண மூடினேன். ஒருத்தர் நடந்து வந்தாரு. அது யாருன்னு..." அவர் முடிக்கவில்லை.

"அப்ப மலை?"

"எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னும் சொல்லு இன்னும் சொல்லுன்னு. ஒரு நாளைக்கு ஒண்ணாவது சொல்ல வேண்டியிருந்துச்சு."

அவர் கோலை ஊன்றி, வெடித்த குதிகாலைப் பார்த்து வைத்து, உள்நாட்டுப் பாதையில் போனார். இடது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தார். பிலின்னா அதை அப்போதுதான் பார்த்தாள்.

அவள் உள்ளே வந்தபோது கிளெயோன் காத்துக்கொண்டிருந்தான். நேத்துக் காலையிலயே சொல்லியிருந்தா என் சக்கரமாவது மிஞ்சியிருக்கும் என்று பொரிந்து தள்ளினான். அவன் சொன்னது நியாயம். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். நொன்னா முதுகுக் கட்டை அவிழ்த்து, குழந்தையை மடியில் போட்டு, முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆளாளுக்கு மூட்டைகளைக் காலால் ஓரத்தில் தள்ளினார்கள். சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கோபம், முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும்.

பிலின்னா வாசலோரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கே உட்காருகிறோம் என்று பார்க்காமல் கை பட்ட இடத்தில் உட்கார்ந்தாள். அது விதவைகளின் பலகை. அமத்தா சட்டென்று நகர்ந்து இடம் கொடுத்தாள், ஒரு கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சபையார் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தான் விதவைதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள் என எல்லாருக்கும் தோன்றியது.

யூபூலஸ் அப்பத்தைக் கையில் எடுத்தார். ஜெபம் தொடங்கியது. நோயாளிகளின் பெயர்களைச் சொன்னார்கள், சிறையில் இருப்பவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். உதவிக்காரர் தேரோன் அடுத்ததற்கு வந்து தயங்கினார். கேட்காமல் விட்டுவிடலாமா என்று மூப்பரைப் பார்த்தார். மூப்பர் அப்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேரோன் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"கடல்ல இருக்கறவங்க?"

அமத்தாவின் பிடி இறுகியது. பிலின்னா பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மால்கோஸ்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.